ஊர் வரலாறு எழுதப் போகிறீர்களா? இராவணனை விட்டுவிட்டு வெள்ளத்திலிருந்து தொடங்குங்கள்

எங்கள் பக்கத்தில், மட்டக்களப்பையும் அம்பாறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஊர் வரலாறு என்று வெளிவருகிற மலர்களில் முக்கால்வாசி ஒரே மாதிரித்தான் இருக்கும். முதலில் ஆசியுரை, வாழ்த்துரை, கோட் போட்ட அமைச்சரின் படம். அதைத் தாண்டினால் இராவணன், குளக்கோட்டன், உலகநாச்சி என்று பழங்கதை அரசர்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் ஒரேயடியாக ஊருக்கு மின்சாரம் வந்துவிடும். இடையில் கிடந்த காலத்தில் அந்த ஊர்ச்சனம் எந்தக் குளத்துத் தண்ணியில் வயல் செய்தது, எந்தத் துறையில் தோணி ஏறியது, முதல் பள்ளிக்கூடத்தை யாருடைய காணியில் யார் கட்டினார்கள் என்று கேட்டால் மலரில் பதில் இல்லை. அதெல்லாம் தெரிந்த பெத்தா (பாட்டி) ஒருவர் மலர்க்குழுத் தலைவரின் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருப்பார், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் நான் சொல்கிற வழி இதுதான். பழைமையைத் தேடி நேரே ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போய் விழாமல், உயிரோடு இருப்பவர்களின் ஞாபகம் எட்டுகிற இடத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து ஆவணங்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகலாம். மான்மியக் கதைகள், அதாவது ஊர்ப்பெருமை சொல்லும் பழங்கதைகள், எங்கேயும் ஓடிவிடாது. எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962இலேயே அச்சாகிவிட்டது, பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது, நினைத்தபோது எடுத்துப் படிக்கலாம். எண்பத்தைந்து வயதுக்காரரை அப்படி அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்க முடியாது.

முதலில் உங்கள் ஊர் எந்தத் தலைப்பின் கீழ் இருந்தது என்று பாருங்கள்

அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அதற்கு முந்திய காகிதங்களை மட்டக்களப்பு என்ற பெயரில்தான் தேட வேண்டும். அம்பாறை என்று தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லையாம் என்று கொழும்பிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மாவட்டத்துக்குக் கீழே பற்று. ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று, கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, பாணமைப்பற்று என்று வன்னியனார் என்ற உள்ளூர்த் தலைவர்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த பிரிவுகள். பிரித்தானியர் கால அறிக்கைகளும் பழைய குடிசனக் கணக்கெடுப்புகளும் பற்று பற்றாக அடுக்கப்பட்டவை, ஆகவே உங்கள் ஊர் எந்தப் பற்றில் இருந்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும், வெள்ளைக்காரத் துரையின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. ஏழெட்டு விதமாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடம் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். இப்போது வளவாகவும் சந்தையாகவும் மாறிவிட்ட குளங்கள், மூடப்பட்ட தோணாக்கள் (நீரோடைகள்), வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகிற துறைகள் எல்லாம் அதில் தெரியும். அதைப் பெரிதாகப் பிரதி எடுத்துக் கையோடு கொண்டு போங்கள். "உங்கட சின்ன வயசில் ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். வரைபடத்தை முன்னால் விரித்து இந்தக் குளம் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக வரும்.

ஆண்டைக் கேட்காதீர்கள்

எந்த வருஷம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கரையில் இதற்கென்றே சில முளைகள் அடித்து வைத்ததுபோல இருக்கின்றன: 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி. வயல் சார்ந்த ஊர் என்றால் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தையும் சேருங்கள், தண்ணி வந்த வழியே அதோடு மாறிப்போனது. தொண்ணூறைத் தாண்டியவர் கிடைத்தால் யப்பான்காரன் குண்டு போட்டதைக் கேளுங்கள், 1942 ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடித்தார்கள். அதற்கும் முந்தியது என்றால் பெற்றோர் சொல்லிக் கேட்ட கதைகள்தான், அங்கே 1924இல் கட்டிய கல்லடிப் பாலமும் 1928இல் வந்த ரயிலும் உதவும். பாலத்துக்கு முந்தித் தோணியில் போனோம் என்று அம்மா சொன்னாராம் என்றால் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

இது எப்படி வேலை செய்யும் என்றால், ஒரு பேச்சு இந்த மாதிரிப் போகும்:

"பள்ளிக்கூடம் எப்ப கட்டினது பெத்தா?"

"அது ஆருக்குத் தெரியும் மனே."

"வெள்ளம் வந்த நேரம் இருந்ததா?"

"ஓம், நாங்க எல்லாரும் அதுக்குள்ளதானே கிடந்த. அப்ப கிடுகு. மறுகாதான் ஓடு போட்டாங்க. அந்த ஓட்டத்தானே சூறாவளி கொண்டு போனது."

பாருங்கள். கட்டடம் 1957க்கு முந்தியது, கூரை கிடுகு, ஓடு போட்டது 1957க்கும் 1978க்கும் இடையில், வெள்ளத்தில் ஊர் ஒதுங்கிய இடமும் அதுதான். இருபது வருஷ இடைவெளி என்பது பெரிதுதான், ஆனால் இனிப் பாடசாலையில் எந்தக் கொப்பியைக் கேட்க வேண்டும், எந்த ஆண்டுகளைப் புரட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இது எங்கள் பகுதிக்கே உரியது. இங்கே வீடும் வளவும் மகளுக்குத்தான் போகும், மாப்பிள்ளை வந்து சேருகிறவர். தமிழர், முஸ்லிம் இரு பக்கமும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில்தான் இறங்குகிறது. ஆகவே ஒரு வீட்டின், ஒரு ஒழுங்கையின் கதை வேண்டும் என்றால் முன் விறாந்தையில் உட்கார்ந்திருக்கும் ஐயாவோடு நிறுத்திவிடாதீர்கள், அவர் பக்கத்து ஊரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவராக இருக்கலாம். குசினிப் பக்கம் இருப்பவர்தான் அந்த மண்ணில் பிறந்தவர், அவருடைய தாயும் அவருடைய தாயின் தாயும் அங்கேதான் பிறந்திருப்பார்கள். பல மலர்களில் ஊர் வரலாறு ஆண்களின் வாயால் மட்டும் சொல்லப்பட்டு அரைகுறையாக நிற்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பதிவு செய்ய போன் போதும். தொடங்கும்போதே அவர் பெயர், வயது, இடம், அன்றைய திகதி எல்லாவற்றையும் உங்கள் குரலில் சொல்லிப் பதியுங்கள், பிறகு கோப்பைத் தேடும்போது அருமை தெரியும். பதிவதற்குச் சம்மதம் கேட்டதும் அதில் இருக்கட்டும். இரண்டு பேரை ஒன்றாக இருத்திக் கேட்பது நல்லது, ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். ஐந்து பேர் என்றால் சண்டைதான் பதிவாகும்.

காகிதம் எங்கே கிடக்கும்

பாடசாலையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். அதிபர்மார் எழுதி வைத்தது. யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், எந்தக் கட்டடம் திறக்கப்பட்டது, கொலரா வந்து எத்தனை நாள் பூட்டினார்கள் என்பதெல்லாம் வந்துவிடும். சேர்வு இடாப்பில் பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும், ஊரில் அந்தக் காலத்தில் எத்தனை பேர் தட்டார், எத்தனை பேர் கமக்காரர், எத்தனை பேர் கடற்றொழில் என்று அதிலேயே எண்ணிவிடலாம். ஆனால் ஒரு சிக்கல்: உங்கள் ஊர்ப் பள்ளி மெதடிஸ்த மிஷனோ கத்தோலிக்கத் திருச்சபையோ இராமகிருஷ்ண மிஷனோ நடத்தியதாக இருந்தால், 1960க்குப் பிறகு அரசு பொறுப்பேற்றபோது பழைய காகிதங்கள் பாடசாலையோடு போகாமல் மிஷனிடமே தங்கியிருக்கலாம். காகிதம் இல்லை என்று அதிபர் சொன்னால் தேவாலயத்திலும் மிஷனிலும் கேளுங்கள்.

அடுத்தது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். யாரும் வரலாறு என்று நினைத்துப் பார்க்காத காகிதம் அது, எனக்கோ அதுதான் எல்லாவற்றிலும் சுவையானது. பழைய உறுதி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அட்டவணையைப் பாருங்கள்: வடக்கே இன்னாருக்குச் சீதனமாகக் கொடுத்த வளவு, கிழக்கே தோணா, தெற்கே மடத்துக்குப் போகும் ஒழுங்கை, மேற்கே இன்ன வட்டையின் (வயல்வெளியின்) வரம்பு என்று நாலு எல்லையும் எழுதியிருப்பார்கள். இன்றைக்கு அங்கே மடம் இல்லை, ஒழுங்கைக்கு வேறு பெயர், தோணாவின் மேல் கடைத்தொகுதி. ஒரு தெருவில் பத்து வீட்டு உறுதிகளை இப்படிப் பார்த்து எல்லைகளை மட்டும் (உரிமையாளர் விவரம் வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம்) குறித்துக்கொண்டால் நூறு வருஷத்துக்கு முந்திய ஊரை ஒரு தாளில் கீறிவிடலாம். உறுதியைக் கேட்டால் சனம் பயப்படும், காணிப் பிரச்சினை அப்படி. படம் எடுக்காமல் அவர்கள் முன்னாலேயே இருந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

கோயிலில் வண்ணக்கரிடம் (நிர்வாகப் பொறுப்பாளரிடம்) கணக்குக் கொப்பி, ஏடு, சில இடங்களில் செப்பேடு. பள்ளிவாசலில் நிர்வாகக் கூட்டக் குறிப்பும் விவாகப் பதிவேடும். தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு, இதில் பிறந்த திகதி நம்பத்தக்கதாக இருக்கும். ஊரவர் செத்து முப்பத்தோராம் நாள் அடிக்கிற நினைவு மலர்களைத் தேடிச் சேருங்கள், வம்சாவளி, திகதி, படம் எல்லாம் ஓரிடத்தில் வந்துவிடும், புகழ்ச்சியைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு வாசித்தால் சரி.

கொழும்பு 7 பிலிப் குணவர்தன மாவத்தையில் (பழைய றீட் அவென்யூ) உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வர்த்தமானிகளும் அரசாங்க அதிபர்களின் (மாவட்ட நிர்வாகிகளின்) நாட்குறிப்புகளும் இருக்கின்றன. போவதற்கு முன் நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் ஓர் இரவு உட்காருங்கள், 2005 முதல் ஈழத்து நூல், பத்திரிகை, மலர் என்று அள்ளிக் குவித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலர் அங்கே கிடக்கும், ஊரில் ஒருவரிடமும் இருக்காது. ஆங்கிலம் ஓடும் என்றால் முதலியார் எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டம் பற்றி எழுதியதையும், அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2008இல் வெளியிட்ட நூலையும் பாருங்கள். குடி, கோயில் உரிமை பற்றி நம்மூரவர் கூச்சப்பட்டு எழுதாததையெல்லாம் அவர் எழுதியிருக்கிறார்.

பெரியவர்கள் பட்டியல்

இங்கேதான் ஊருக்குள் சண்டை வரும். யாரைப் போடுவது, யாரை விடுவது. பதவியை அளவுகோலாக வைத்தால் பட்டியல் பொறியியலாளர், வைத்தியர், கணக்காளர் என்று நீண்டு ஒரு தொலைபேசி விபரக்கொத்து மாதிரி ஆகிவிடும். நான் கேட்கிற கேள்வி ஒன்றே: இவர் இல்லாமல் இருந்திருந்தால் ஊரில் என்ன குறைந்திருக்கும்? அப்படிக் கேட்டால் வயல் வேலைகளை மேற்பார்த்த வட்டை விதானை வருவார், மூன்று தலைமுறைக்குப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சி வருவார், வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வருவார், மருதமுனை என்றால் முதல் தறிகளைப் போட்டவர்கள் வருவார்கள். கணக்காளர் ஐயா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, அவர் பெயரைப் பின்னிணைப்பில் போடலாம்.

ஒருவரைப் பற்றி எழுதும்போது முதலில் அவருடைய எல்லாப் பெயர்களையும் திரட்டுங்கள். சுவாமி விபுலாநந்தரையே எடுத்துக்கொள்வோம். 1892 மார்ச் 27 காரைதீவில் பிறந்தபோது மயில்வாகனம். 1922இல் சென்னையில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தபின் பிரபோத சைதன்யர். 1924இல் துறவு பெற்ற பிறகுதான் விபுலாநந்தர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர் யார் என்று விபுலாநந்தர் என்ற பெயரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மயில்வாகனம் என்று தேட வேண்டும். அவருக்கே இந்தப் பாடு என்றால் உங்கள் ஊர் நாட்டு வைத்தியருக்கு வீட்டுப் பெயர், பதிவுப் பெயர், பட்டப்பெயர் என்று மூன்றாவது இருக்கும். கவிஞர் நீலாவணன் (1931–1975) ஊர்ப்பெயரையே புனைபெயராக்கிக்கொண்ட பெரியநீலாவணைக்காரர், பாடசாலை இடாப்பில் அவர் சின்னத்துரை. இதற்கு நேர் எதிர்ச் சிக்கலும் உண்டு. புலவர்மணி என்று மட்டும் ஒரு பழைய அழைப்பிதழில் இருந்தால் அது மண்டூர் ஏ. பெரியதம்பிப்பிள்ளையா (1899–1978), மருதமுனை ஆ. மு. ஷரிபுத்தீனா என்று இடத்தையும் காலத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு ஊர்கள் ஒருவரைச் சொந்தம் கொண்டாடினால் வழக்குத் தீர்க்கப் போகாதீர்கள், பிறந்தது இங்கே வளர்ந்தது அங்கே என்று நடந்ததை எழுதினால் போதும். எம். எச். எம். அஷ்ரப் 1948இல் சம்மாந்துறையில் பிறந்தவர், வளர்ந்தது கல்முனையில், இரண்டு ஊருக்கும் பெருமைதான். விபுலாநந்தரை எழுதும்போது "இன்றைய அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு" என்று எழுதுங்கள், அவர் பிறந்தபோது மட்டுமல்ல, 1947 ஜூலை 19 அவர் மறைந்தபோதும் அம்பாறை என்றொரு மாவட்டம் இருக்கவில்லை. சமாதி கல்லடி உப்போடையில், 1929இல் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே கல்லடிக்காரரும் அவரைத் தங்கள் மலரில் போடுவதில் பிழையில்லை.

வெளியிலிருந்து வந்து ஊருக்கு உழைத்தவர்களை மறந்துவிடாதீர்கள். வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார், அடுத்த ஆண்டே காலமானார், அந்தக் கொஞ்ச நாளில் தொடங்கியதுதான் இன்றைக்கும் நடக்கிற மெதடிஸ்த மத்திய கல்லூரி. நகரின் வெபர் மைதானம் ஓர் அமெரிக்க இயேசுசபைப் பாதிரியாரின் பெயரில் இருக்கிறது. உங்கள் ஊரிலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ காலியிலிருந்தோ வந்து முப்பது வருஷம் படிப்பித்த வாத்தியார் ஒருவர் இருப்பார், அவருக்கு இங்கே சொந்தக்காரர் இல்லாததால் அவர் பெயரைச் சொல்லவும் ஆள் இருக்காது.

கவனம் தேவைப்படும் இடங்கள்

கோயில் உரிமை, குடி வரிசை பற்றிய பாடல்களும் ஏடுகளும் ஒரு உரிமையை நிலைநாட்டுவதற்காக எழுதப்பட்டவை. ஆகவே ஒரு குடியார் சொல்வதை மற்றக் குடியார் மறுப்பார்கள். இரண்டையும் யார் சொன்னது என்று போட்டு அப்படியே விடுங்கள், நீதவான் வேலை உங்களுக்கு வேண்டாம். 

போர்க்காலத்தைத் தவிர்த்துவிட்டு எழுதுகிற மலர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஊர் இரண்டு முறை காலியாகியிருக்கும், மலரில் அந்தப் பத்து வருஷம் "அசாதாரண சூழ்நிலை" என்ற இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். எழுதுங்கள், ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் யாருடைய பெயரையும் அச்சில் போடாதீர்கள். காணாமல் போனவரை இறந்தவர் என்று எழுதக் கூடாது. 1990 ஆகஸ்ட்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போன யூஜின் ஹெபர்ட் பாதிரியாரைப் பற்றி எழுதினாலும் அந்த இடத்தில் நிறுத்துவதுதான் முறை. அயலூரோடு நடந்தவற்றை எழுதும்போது அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு அச்சுக்கு முன் வாசிக்கக் கொடுங்கள். தமிழ் ஊர் என்றால் முஸ்லிம் ஊரில் ஒருவர், முஸ்லிம் ஊர் என்றால் தமிழ் ஊரில் ஒருவர்.

எழுதி முடித்தபின்

யுனிகோடில் தட்டச்சுச் செய்யுங்கள். அச்சகத்துக்காரர் பாமினி என்ற பழைய எழுத்துருதான் வேண்டும் என்பார், அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மூலத்தை யுனிகோடிலேயே வைத்திருங்கள், இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து யாரும் திறக்க முடியாது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் பார்த்தது என்று ஒரு பந்தி போடுங்கள். வாழ்த்துச் செய்திகளுக்கு ஒரு பக்கம் தாராளம்.

ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் எடுக்கலாம். அச்சானதும் ஒரு பிரதி மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கு, ஒன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கு, மின்னூலாக நூலகம் நிறுவனத்துக்கு. தமிழ் விக்கிப்பீடியாவில் ஊர்ப் பக்கம் எழுத நினைப்பவர்கள் இந்தக் கட்டத்துக்குப் பிறகு எழுதுங்கள், பெத்தா சொன்னார் என்றால் அங்கே ஏற்க மாட்டார்கள், வெளியான நூலில் இருக்கிறது என்றால் ஏற்பார்கள்.

ஒலிப்பதிவுகளையும் படங்களையும் மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். சூறாவளியும் சுனாமியும் கொண்டுபோன அல்பங்களின் கதையை நீங்கள் சந்திக்கிற ஒவ்வொரு வீட்டிலும் கேட்பீர்கள். நூல் வெளியான கிழமையே போன் வரத் தொடங்கும், எங்கட அப்பாவின் பெயர் இல்லை, திகதி பிழை, குளத்தின் பெயர் அதுவல்ல என்று. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் பதிப்புக்கு அதுவே பாதி வேலை.